எந்தத் துருவைத் துடைப்பது, எந்தத் துருவை விடுவது: கடலோரத்தில் இருந்துகொண்டு ஜப்பானிய வாள் சேகரிக்க

வாளை முதலில் வாங்காதீர்கள், ட்சுபாவை வாங்குங்கள். பழைய ஜப்பானிய வாள் சேர்க்க ஆசைப்பட்டு என்னிடம் கேட்கிறவர்களுக்கு, அதிலும் பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று கடலைப் பார்த்துக் குடியிருக்கிறவர்களுக்கு, நான் முதலில் சொல்வது இதுதான். ட்சுபா என்பது வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நிற்கும் தட்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கட்டானா என்னும் நீள வாளுக்கானது ஏழரை, எட்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும், வாகிசாஷி என்னும் குட்டை வாளுக்கானது அதைவிடச் சின்னது. அதில் கூர்மை இல்லை, விலையும் வாளோடு ஒப்பிட்டால் கைக்கு எட்டுகிற விலை. இது எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அது துரு.

நான் இருப்பது மண்டபம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் உப்பு, கச்சான் அடித்தாலும் உப்பு. ஜன்னல் கம்பிக்கு வருசா வருசம் பெயிண்ட் அடிக்கிறோம், அது வருசா வருசம் செதில் செதிலாக உரிகிறது. மாடியில் மறந்து வைத்த புது ஆணி நாலாவது நாள் செம்பட்டையாகிவிடும். இப்படி ஒரு ஊரில், கண்ணாடி மாதிரி தீட்டி வைத்த உருக்கு அலகைக் காப்பாற்றுவது சின்ன வேலை இல்லை. இரும்பு ட்சுபா அப்படியில்லை. அதன்மேல் ஏற்கெனவே இருநூறு, முந்நூறு வருசத்துக் கருந்துரு பிடித்திருக்கிறது, அந்தத் துருதான் அதற்குச் சட்டை.

இந்தப் பொழுதுபோக்கில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி, துருவைத் தரம் பிரிக்கிற பழக்கம்தான். அலகின்மேல் ஒரு புள்ளி சிவப்புத் துரு வந்தாலும் அது சேதம். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் வால்பகுதிக்கு நாகாகோ என்று பெயர், அதில் இருக்கிற கறுப்புத் துரு அந்த வாளின் பிறப்புச் சான்றிதழ், அதை நகத்தால்கூடச் சுரண்டக் கூடாது. ட்சுபாவின்மேல் இருக்கிற ஆழ்ந்த கரும்பழுப்புத் துரு அழகு, அதற்காகத்தான் காசு கொடுக்கிறோம். மூன்றும் இரும்புத் துருதான். ஆனால் ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் போன பொருள் திரும்பாது.

என் முதல் ட்சுபா கப்பலில் வேலை பார்த்த மாமா கோபேயில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி வந்தது. தேநீர்க் குவளைக்கு அடியில் வைக்கிற தட்டு என்று நினைத்து வாங்கியிருக்கிறார். "நடுவுல ஓட்டையா இருக்கே மாமா" என்று கேட்டதற்கு, "அதான் எனக்கும் புரியலடா மருமகனே" என்றார். அந்த ஓட்டையிலிருந்து நீங்களும் தொடங்கலாம், ஏனென்றால் ஒரு ட்சுபா உண்மையில் வாளில் இருந்ததா இல்லையா என்பதை அதுதான் சொல்லும்.

நடு ஓட்டை முக்கோண வாக்கில், கீழே அகன்று மேலே குறுகி இருக்கும். வாளின் வால் நுழைகிற வழி அது. அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் சில ட்சுபாக்களில் செம்புத் துண்டு அடைத்திருப்பார்கள், வேறு வாளுக்கு மாற்றிப் போடும்போது ஆடாமல் இறுக்கமாக உட்கார வைக்கச் செய்த வேலை. ஓட்டையைச் சுற்றி சின்ன உளியால் தட்டிய தழும்புகள் இருந்தால், அதுவும் இறுக்கம் பார்த்ததன் அடையாளம். பக்கத்தில் ஒன்றோ இரண்டோ சின்னத் துளைகள் இருக்கலாம். அரை நிலா வடிவத்தில் இருப்பது கொசுகா என்னும் சிறு கத்திக்கு, மூன்று மேடு வைத்த வடிவத்தில் இருப்பது கோகாய் என்னும் ஊசிக்கு. இரண்டும் உறையின் பக்கத்தில் செருகியிருக்கும், அவற்றின் தலை தட்டைத் தாண்டி வரவேண்டுமே, அதற்குத்தான் துளை. நடு ஓட்டையை ஒட்டி முட்டை வடிவத்தில் ஓர் இடம் மற்ற இடத்தைவிட வழவழப்பாகவோ நிறம் மாறியோ தெரிந்தால், அங்கே செப்பா என்னும் மெல்லிய செம்பு வளையம் பல காலம் அழுத்திக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இத்தனையும் ஒரே பொருளில் இயல்பாகப் பொருந்தி இருந்தால் அது வாளோடு வாழ்ந்த பொருள்.

அப்புறம் விளிம்பைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் நின்று, மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சில பழைய இரும்பு ட்சுபாக்களின் விளிம்பில் தோலுக்கடியில் எலும்பு புடைத்தது போலச் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். டெக்கோட்சு, இரும்பெலும்பு என்றே அதற்குப் பெயர். இரும்பை அடித்து மடித்துச் செய்யும்போது கடினமான பகுதியும் மெதுவான பகுதியும் சமமாகக் கலக்காமல் நின்று, காலப்போக்கில் மெதுவானது தேய்ந்து கடினமானது நிமிர்ந்து நிற்கிறது. ஒவாரி பகுதியில் செய்த தட்டுகளில் இதை ரசித்து ரசித்துத் தேடுவார்கள். முதல்முறை கட்டைவிரல் அதன்மேல் ஓடுகிறபோது வருகிற சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, நீங்களே தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போலி நிறைய. வார்ப்பில் ஊற்றி, அமிலத்தில் முக்கி, பழசு என்று விற்கிறார்கள். காந்தம் வைத்துப் பார்ப்பது பிரயோஜனம் இல்லை, வார்ப்பிரும்பும் ஒட்டத்தான் செய்யும். வெட்டு வேலைப்பாடு இருக்கிற தட்டாக இருந்தால் அந்த வெட்டின் உட்சுவரைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வார்ப்பாக இருந்தால் இரண்டு அச்சு சேர்ந்த கோடு நடுவில் ஓடும், இல்லையென்றால் குமிழி வெடித்த குழிகள் தெரியும், மூலைகள் எல்லாம் வெயிலில் உருகின சோப்பு மாதிரி மழுங்கி இருக்கும். கையால் அறுத்து அரம் போட்ட வேலையில் உட்சுவர் சுத்தமாக, மூலை கூர்மையாக நிற்கும். துரு பார்த்தால், பழைய துரு மேலே இருந்து கீழேவரை ஒரே ஆழத்தில், எண்ணெய் தடவின கருங்காலி மாதிரி இருக்கும். அமிலத் துரு பொடியாக விரலில் ஒட்டும், ஆரஞ்சு நிறம் எங்காவது எட்டிப் பார்க்கும். இணையத்தில் ஏலம் விடுகிற ஒரு தளத்தில் நான் வாங்கிய இரண்டாவது தட்டு அந்த ரகம்தான். பெட்டியைப் பிரித்தபோதே விரலில் காவி ஒட்டியது. விற்றவர் பதில் போடவே இல்லை. அன்றிலிருந்து உட்சுவரின் நெருக்கப் படம் அனுப்பாதவரிடம் நான் வாங்குவதில்லை, நீங்களும் வாங்காதீர்கள்.

பழைய நல்ல தட்டிலேயே நடுநடுவே சிவப்புத் துரு புள்ளி வைத்திருந்தால்? அதை எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும், ஏனென்றால் கருந்துரு பரவாது, செந்துரு பரவும். ஆனால் உப்புத்தாள், கம்பி பிரஷ், துரு எடுக்கிற திரவம், எலுமிச்சை, வினிகர் எதுவும் கிட்டே வரக் கூடாது. இரும்பைவிட மெதுவான ஒன்றைக் கூராக்கி, துருவை மட்டும் நெம்பி எடுக்க வேண்டும். ஜப்பானில் மான்கொம்பு, எலும்பு, மூங்கில் என்று பயன்படுத்துவார்கள். நான் மூங்கில் குச்சியைச் சீவி வைத்திருக்கிறேன், பிடிவாதமான இடத்துக்கு ஆட்டெலும்புச் சில்லு. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். மிச்ச வேலையைப் பழைய பருத்தி வேட்டித் துணி பார்த்துக்கொள்ளும். தினமும் டிவி பார்க்கிற நேரத்தில் கையில் வைத்துத் துணியால் தேய்த்துக்கொண்டே இருங்கள், ஆறு மாதத்தில் கருப்பில் ஒரு மினுக்கம் ஏறும். மாமா கொடுத்த தட்டுக்கு எனக்கு இரண்டு வருசம் ஆனது.

தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று நம் ஊரில் கட்டாயம் கேட்பார்கள், அரிவாளுக்கு அதைத்தானே தடவுகிறோம். வேண்டாம். சமையல் எண்ணெய் எல்லாம் நாள்பட்டால் காறல் வாடை அடித்துப் பிசுபிசுக்கும், தூசியைப் பிடித்து வைக்கும், செம்பு கலந்த பாகங்களில் பச்சை பூக்க வைக்கும்.

இரும்பு கை பழகின பிறகு மற்ற உலோகங்களுக்குப் போங்கள். இங்கேதான் ஜப்பானியர்களின் கைவேலை நம்மைத் திகைக்க வைக்கிறது. ஷாகுடோ என்று ஒன்று, செம்பில் சில சதவீதம் மட்டும் தங்கம் சேர்த்த கலவை. கலந்தவுடன் பார்த்தால் சாதாரணச் செம்பு மாதிரிதான் இருக்கும், செப்பு உப்புகள் கலந்த நீரில் கொதிக்க வைத்தால் மேற்பரப்பு மட்டும் நீலம் கலந்த கறுப்பாக, காக்கை இறகு மாதிரி மாறும். ஷிபுஇச்சி என்றால் நாலில் ஒன்று என்று பொருள், செம்போடு வெள்ளி கலந்து சாம்பல் நிறம் கொண்டுவருவது. இந்த நிறம் பூச்சு இல்லை, பெயிண்ட் இல்லை, உலோகத்தின் மேல்தோலே நிறம் மாறியது. ஆகவே ஒரு தடவை பாலிஷ் போட்டாலும் தோல் போய்விடும். புளி போட்டுப் பித்தளைப் பானை விளக்குகிற கையை இவற்றின் பக்கம் விடவே கூடாது. வியர்வையும் ஆகாது, அதனால் மெல்லிய பருத்திக் கையுறை போட்டு விளிம்பைப் பிடித்து எடுங்கள்.

என்னிடம் ஒரு கொசுகாவின் கைப்பிடி இருக்கிறது, ஷாகுடோ, விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. அதன் தரை முழுக்கக் குட்டிக் குட்டி உருண்டைப் புள்ளிகள், வரிசை பிசகாமல். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது எட்ட நின்று காட்டினேன். பார்த்ததும், "சினை மாதிரில்ல இருக்கு" என்றார்கள். அந்த வேலைக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் நானாகோ, அதை எழுதுகிற எழுத்துகளுக்கு மீன், பிள்ளை என்று பொருள், மீன்சினை என்றேதான் அவர்களும் பார்த்திருக்கிறார்கள். குழிந்த முனை உள்ள ஒரு சின்ன உளியை வைத்து ஒரு தட்டு, ஒரு புள்ளி. அடுத்த தட்டு, அடுத்த புள்ளி. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குள். பூதக்கண்ணாடியில் பார்த்து வரிசை எங்காவது அலைகிறதா, மூலை திரும்பும் இடத்தில் புள்ளிகள் நசுங்கி இருக்கின்றனவா என்று தேடுங்கள், செய்தவரின் தரம் அந்த மூலையில் தெரிந்துவிடும். கோட்டோ குடும்பத்தார் இந்த வேலையில் பேர் எடுத்தவர்கள். 15-ஆம் நூற்றாண்டில் கோட்டோ யூஜோவில் தொடங்கி 17 தலைமுறை இதையே செய்தார்கள்.

இத்தனை நல்ல வேலை எப்படி வெளியே வந்தது என்றால், 1876-இல் ஜப்பானிய அரசு பொதுமக்கள் வாள் அணிவதைத் தடை செய்தது. ஒரே நாளில் வாடிக்கையாளர் இல்லாமல் போனார்கள். குடும்பங்கள் வாளணிகளை விற்றன, கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. செய்தவர்கள் வேறு தொழிலுக்கு மாறினார்கள். கானோ நாட்சுவோ என்ற பெரிய கலைஞர் இந்தத் தடைக்குச் சில வருசம் முன்பே புதிய மெய்ஜி அரசின் நாணயங்களுக்கு அச்சு செதுக்கப் போய்விட்டார். இன்று நம் கைக்கு ஒரு தட்டு வருகிறதென்றால் அந்த உடைப்பிலிருந்துதான் வருகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், நம் கடலோடு நேரடியாகச் சேர்ந்த விஷயம். ஜப்பானிய வாளின் கைப்பிடியில் பட்டுக்கயிறு சுற்றியிருக்கும், கயிற்றின் நடுவில் வெள்ளை வெள்ளையாக முத்துப் புள்ளிகள் தெரியும். அது திருக்கைத் தோல். ஜப்பானிய மொழியில் அதைச் சுறா என்ற சொல்லால் குறிப்பிடுகிறார்கள், ஆனால் திருக்கைதான். நல்ல தோல் ஜப்பான் கடலில் கிடைக்காமல் தெற்குக் கடல்களிலிருந்து, முக்கியமாகச் சியாமிலிருந்து, கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டச்சுக்காரர்கள் சேதுபதியோடு ஒப்பந்தம் போட்டுக் கீழக்கரையில் வியாபாரம் செய்த அதே காலத்தில்தான் நாகசாகித் துறைமுகத்தில் ஐரோப்பியரில் டச்சுக்காரருக்கு மட்டும் அனுமதி இருந்தது. முத்துத்தோல் உள்ள அந்த இனத் திருக்கை மன்னார் வளைகுடாவிலும் வாழ்கிறது. பாம்பனில் மீன் இறங்குகிற இடத்தில் ஒருநாள் நின்று பாருங்கள். முதுகின் நடுவரிசையில் மற்ற மணிகளைவிடப் பெரிதாக ஒன்றிரண்டு மணி உப்பியிருக்கும். வாள் கைப்பிடி செய்தவர்கள் அந்தப் பெரிய மணியை எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தார்கள், அதுதான் தோலின் மதிப்பு. இந்த மணிகளைத் தொட்டுப் பழகினால், கைப்பிடியில் இருப்பது தோலா, பிளாஸ்டிக் அச்சா என்று விரலே சொல்லிவிடும். பிளாஸ்டிக்கில் எல்லா மணியும் ஒரே அளவு, ஒரே இடைவெளி.

சரி, வாள். ஒரு வருசமாவது ட்சுபாவோடு பழகிவிட்டு இங்கே வாருங்கள்.

முதலில் சட்டம், ஏனென்றால் இதில் தவறினால் சாமானும் போகும், நிம்மதியும் போகும். 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு ஆயுத இறக்குமதிக்கு லைசென்ஸ் கேட்கிறது. 2016-இல் வந்த ஆயுத விதிகளின் பட்டியலில் வாள் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. ஆகவே வெளிநாட்டு வியாபாரி "நாங்கள் உலகம் முழுக்க அனுப்புகிறோம்" என்று சொன்னார் என்பதற்காகப் பணம் கட்டாதீர்கள். ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத லைசென்ஸ் பார்க்கிற பிரிவில் எழுத்தில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள், சுங்கத் தரகர் ஒருவரிடமும் கேளுங்கள், அதற்குப் பிறகுதான் முன்பணம். வீட்டில் பரம்பரையாக இருக்கிற வாளுக்கும் இதே வழிதான், மறைத்து வைக்க வேண்டாம். இன்னொன்று, 100 வருசம் தாண்டிய தொல்பொருளைத் தனியாள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய 1972-ஆம் வருடத்துச் சட்டம் விடாது. இது ட்சுபாவுக்கும் பொருந்தலாம். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் வாங்குவது அதனால் சரிவராது. ஜப்பான் பக்கமும் ஒழுங்கு உண்டு: அங்கே ஒவ்வொரு வாளுக்கும் டொரோகுஷோ என்ற பதிவு அட்டை இருக்கும், வெளிநாடு போகிறபோது அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கலாசாரத் துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்குவார்கள். அதைச் செய்து தராத வியாபாரி வியாபாரியே இல்லை.

வாளின் நீளத்தை ஷாகு என்ற அளவில் சொல்வார்கள், ஒரு ஷாகு 30.3 சென்டிமீட்டர். இரண்டு ஷாகுவுக்கு மேல் கட்டானா, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே வாகிசாஷி, ஒன்றுக்குக் கீழே டாண்டோ. முதல் வாளாக வாகிசாஷி நல்லது. அதே கொல்லரின் கட்டானாவைவிட விலை நன்றாகக் குறையும், வேலைப்பாடு குறையாது. காலத்தைப் பிரிக்கிறபோது 1596-க்கு முன்னால் செய்தது கோட்டோ, பழைய வாள் (மேலே சொன்ன கோட்டோ குடும்பத்தின் பெயர் வேறு). அதற்குப் பிறகு ஷிண்டோ, புதிய வாள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1876 வரை ஷின்ஷிண்டோ. அதற்கப்புறம் வந்தது இக்கால வாள்.

அலகைப் பார்க்க ஒரே ஒரு பல்பு போதும், டியூப் லைட் ஆகாது. திருப்பாச்சேத்திப் பட்டறையில் அரிவாளைக் காய்ச்சித் தோய்ச்சல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானியக் கொல்லர் தோய்ச்சலுக்கு முன்னால் அலகின்மேல் களிமண் பூசுவார், முதுகில் தடிப்பாக, வெட்டுகிற வாய்ப்பக்கம் மெல்லிசாக. தண்ணீரில் விடும்போது வாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும். இரண்டும் சந்திக்கிற எல்லை வெண்மையாக, அலை மாதிரி ஓடும். அதுதான் ஹாமோன். பல்பைப் பார்த்து அலகை நீட்டி, ஒளி தெறிக்கிற கோணம் வரும்வரை மெல்ல ஏற்றி இறக்கினால், உண்மையான ஹாமோனுக்குள் பனி மாதிரி, சின்னச் சின்ன மணல் மினுக்கு மாதிரி ஆழம் தெரியும். அமிலத்தால் வரைந்ததோ கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததோ எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி தட்டையாக இருக்கும். அந்தக் கோடு நுனிவரை போய், நுனிக்குள் திரும்புகிறதா என்று பாருங்கள். நுனி உடைந்து மறுபடி வடிவம் கொடுத்திருந்தால் கோடு ஓரத்தில் ஓடி வெளியே போய்விட்டிருக்கும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. வாயிலிருந்து மேலே செங்குத்தாக முடி மாதிரி ஒரு விரிசல் இருந்தாலும் விட்டுவிடுங்கள், அதற்கு ஹகிரே என்று பெயர், வாளுக்கு உயிர் போனதற்குச் சமம்.

நாகாகோவில் இருக்கிற கையெழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பெரிய பேர் வெட்டிய வாள்களில் பொய்க் கையெழுத்து ஏராளம், முந்நூறு வருசத்துக்கு முன்பே அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். கையெழுத்தே இல்லாத நல்ல வாள், பெரிய பேர் உள்ள சந்தேக வாளைவிட மேல். தொடக்கத்தில் சான்றுக் காகிதத்தோடு வாங்குங்கள். 1948-இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் கொடுக்கிற காகிதத்தில் ஹோசோன், டொகுபெட்சு ஹோசோன், ஜூயோ, டொகுபெட்சு ஜூயோ என்று நாலு படி. நமக்கு முதல் இரண்டே போதும். ட்சுபாவுக்கும் இந்தக் காகிதம் உண்டு. அதே சங்கம் முன்பு கொடுத்த பழைய பச்சை நிறக் காகிதம் மட்டும் இருந்தால் அதை முழுசாக நம்பாதீர்கள், விவரமறிந்த சேகரிப்பாளர்களும் நம்புவதில்லை. கண்ணைப் பழக்க நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் இணையத்தில் போட்டிருக்கிற ட்சுபாப் படங்களைத் தினம் பத்துப் பாருங்கள். டோக்கியோ போக வாய்த்தால் ரியோகோகுவில் அந்தச் சங்கத்தின் வாள் அருங்காட்சியகம் இருக்கிறது.

நம் பக்கத்து வீடுகளில் வாள் என்று ஏதாவது இருந்தால் பெரும்பாலும் அது போர்க்கால ராணுவ வாளாக இருக்கும். மலேயா, சிங்கப்பூர், பர்மா என்று போய் வந்த குடும்பங்கள் இங்கே அதிகம். கைப்பிடி உலோகத்தில் வார்த்து, அலகில் எண் பொறித்திருந்தால் அது 1935-ஆம் வருட மாதிரி, சிப்பாய்களுக்கு மேலே இருந்தவர்களுக்காக மெஷினில் செய்தது. அதிகாரிகளுடையது கயிறு சுற்றிய கைப்பிடி. அதற்குள்ளே இருப்பது தொழிற்சாலை அலகாகவும் இருக்கலாம், தாத்தா காலத்துப் பழைய அலகைக் கொண்டுவந்து ராணுவக் கைப்பிடியில் போட்டதாகவும் இருக்கலாம். நாகாகோவைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு காக்கா (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வீட்டில் அப்படி ஒன்று உண்டு, பினாங்கிலிருந்து வந்தது. அழைத்துக் காட்டினார். கைப்பிடியில் மூங்கில் ஆணி ஒன்று இருக்கும், மெகுகி என்று பெயர், அதைத் தட்டி எடுத்துவிட்டு, வாளைச் சாய்த்து நிமிர்த்திப் பிடித்து, பிடித்த கையின் மணிக்கட்டில் மற்றக் கை முஷ்டியால் மெல்லத் தட்டினால் வால் தளர்ந்து வெளியே வரும். வந்தது. பளபளவென்று வந்தது, எனக்கு நெஞ்சு திக்கென்றது. "துருவா இருந்துச்சு தம்பி, பட்டறையில குடுத்து மெஷின்ல தேய்ச்சு வாங்கினேன், சுத்தமா இருக்குல்ல?" என்றார். ஆசையாகத்தான் செய்திருக்கிறார். கையெழுத்து இரண்டு எழுத்து. முதல் எழுத்தின் பள்ளம் ஆழமாக வெட்டியிருந்ததால் தப்பித்திருக்கிறது, கானே என்ற எழுத்து. இரண்டாவது எழுத்து இருந்த இடத்தில் மெஷின் கோடுகள் மட்டும். மினோ நாட்டு சேகி ஊரில் கானே என்று பேர் தொடங்குகிற கொல்லர்கள் நூற்றுக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். யார் என்று சொல்வது அந்த இரண்டாவது எழுத்துதான். அரம் போட்ட சாய்வுக் கோடுகள் போய்விட்டன, துருவின் நிறத்தை வைத்து வயது சொல்கிற வழியும் போய்விட்டது. அலகு மட்டும் நல்ல அலகாகத் தெரிகிறது. அதற்கு எண்ணெய் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன், இப்போதும் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.

எண்ணெய் என்றால் சோஜி எண்ணெய், அல்லது வாசனையில்லாத மெல்லிய கனிம எண்ணெய். சோஜி என்றால் கிராம்பு, ஆனால் நம் மருந்துக்கடைக் கிராம்புத் தைலத்தை நேராகப் போடக் கூடாது, விற்கிற சோஜி எண்ணெயில் பெரும்பகுதி கனிம எண்ணெய்தான். உறையிலிருந்து எடுக்கிறபோது வாய்ப்பக்கம் மேலே இருக்கட்டும், முதுகு உறையில் சறுக்கிக்கொண்டு வரட்டும். பழைய எண்ணெயை மெல்லிய பருத்தித் துணியால் முதுகுப் பக்கமிருந்து பிடித்து ஒரே திசையில் துடையுங்கள், முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். வெளிச்சத்தில் புள்ளி எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டு, புது எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக. அதிகம் போட்டால் உறை குடித்துவிடும். வெள்ளைப் பொடி மூட்டையால் தட்டுகிற வழக்கத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், அது தீட்டுக்கல் பொடி, அடிக்கடி செய்தால் மெருகில் கீறல் விழும். அலகைத் தொடாதீர்கள், வாளைப் பார்த்தபடி பேசாதீர்கள், எச்சில் ஒரு துளி போதும். வழக்கமாக மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் என்பார்கள். இங்கே மாதம் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. புள்ளித் துரு வந்துவிட்டால் நீங்களே எடுக்க முயலாதீர்கள், சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கவே கூடாது. பயிற்சி பெற்ற ஜப்பானிய மெருகாளர் ஒருவர் வாரக்கணக்கில் செய்கிற வேலை அது, ஒவ்வொரு தடவை தீட்டும்போதும் அலகு கொஞ்சம் மெலிகிறது.

வைக்கிற இடம் கடல் பார்த்த சுவரோரம் வேண்டாம், சமையலறைச் சுவரோரமும் வேண்டாம். ட்சுபாக்களைத் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவுக்குள், சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். நீலமாக இருப்பது இளஞ்சிவப்பானால் சூடு காட்டி மறுபடி நீலமாக்கிப் போடலாம். வாள் அலகை அலங்கார உறையில் வைக்காமல் ஷிராசாயா என்னும் வெறும் மர உறையில், படுக்கை வசத்தில் வையுங்கள். மரம் என்பதால் அளவுக்கு மீறி உலர்த்தினாலும் வெடிக்கும், ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி ஐம்பது சதவீதத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆயுத பூஜை வரும். வீட்டில் அரிவாள்மனை முதல் ஸ்பேனர்வரை கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், நம் பொருளும் ஆயுதம்தானே என்று அன்போடு அதற்கும் வைத்துவிடுவார்கள். ஈரச் சந்தனம் ஒரு ராத்திரி இருந்தால் இரும்பில் வட்டமாகத் தடம் விழும். பெட்டிக்கு வெளியே பொட்டு வைக்கச் சொல்லுங்கள். என் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், நான் ஊரில் இல்லாத நாளிலும் யாராவது திறந்தால் முதலில் கண்ணில் படவேண்டும் என்று பெரிய எழுத்தில்: "இதைக் கழுவ வேண்டாம். தேய்க்க வேண்டாம். கறுப்பாக இருப்பது அழுக்கு இல்லை. சிவப்பாக ஏதாவது தெரிந்தால் எனக்கு ஃபோன் செய்யவும்."